தவமணி ஒட்டிய அம்புகள்

எங்கள் லைனில் ஒரு போர்வையிலிருந்து ரத்தம் வந்த நாள், குழாயில் தண்ணீர் வரும் நாளாகப் போய்விட்டது. எப்போதாவது வரும் தண்ணீர், அதை விட்டுவிட்டுக் குடத்தைப் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பார்க்க எங்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை, அதனால் தவமணியின் வாசற்படியைத் தாண்டி ரத்தம் இறங்கிவந்து குடங்களின் அடியை நனைத்த பிறகுதான், யார் வீட்டில் கிடா வெட்டினார்கள், நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனோம்.

உள்ளே அவள் புருஷன் காசிராஜன் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தரையில் தவமணி ஒட்டுப் போர்வைக்குள் குறுகிக் கிடந்தாள், கண் மட்டும் வெளியே தெரிந்தது. போர்வையில் எத்தனை வெட்டு என்று எண்ண முடியாது, ஒவ்வொரு வெட்டும் சதை பிளந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு கொப்பளித்தது, நீலத் துண்டிலும் ரத்தம், பச்சைத் துண்டிலும் ரத்தம். வெட்டி வெட்டிக் கை சலித்துப் போனவன் எங்களைப் பார்த்து, “சாக மாட்டேங்காளே” என்று நியாயம் கேட்பவனைப்போலச் சொன்னான். போர்வையை உரித்தெடுத்தால், உள்ளே அவள் உடம்பில் இரண்டே இரண்டு காயம்தான், இடது தோளில் ஒன்று, தொடையில் ஒன்று.

திருப்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வந்து மயிலாத்தா லைன் என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவே ஒரு குழாய், கோடியில் வீட்டுக்காரி மயிலாத்தாவின் மாடி வீடு, அந்த மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொதுவான துணிக்கொடியும். நாங்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், தவமணி கோவில்பட்டிப் பக்கம். அவளுக்குச் செக்கிங் வேலை, அதாவது தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, தையல் விட்டிருந்தால், சுருக்கம் விழுந்திருந்தால், துணியில் ஓட்டை இருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டவேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பிய தப்பு கிடையாது, இல்லாத தப்புக்கு அவள் அம்பு ஒட்டியதும் கிடையாது. அந்த ஒரு கர்வம்தான் அவளிடம் இருந்தது, பாவம், வேறு எதைக் கர்வமாக வைத்துக்கொள்ள அவன் விட்டான்?

கம்பெனியில் விழும் துண்டுத் துணிகளை வாங்கிவந்து, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பழைய சேலையை வைத்து, அடியில் ஒரு முழுத்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டித்தான் அந்த முதல் போர்வையைச் செய்திருந்தாள். முடித்த அன்றைக்கே அதை மாடிக் கொடியில் விரித்து, கம்பெனித் துணியைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்து, தன் தப்புகளுக்குத் தானே அம்பு ஒட்டினாள். கையிலிருந்த ஸ்டிக்கர் தாள் தீர்ந்துபோனது. போர்வை முழுக்க அம்மை வார்த்த மாதிரி அம்பு. கம்பெனியில் ஓவர்லாக் ஓரத்தையல் போடும் திண்டுக்கல் ரெஜினா, “ஏன்க்கா, இதப் போர்த்திக்கிட்டுப் படுத்தா முள்ளு குத்தாது?” என்று கேட்டுச் சிரித்தாள். தவமணியும் சிரித்தாள். அடுத்த வருஷத்துப் போர்வையில் இதில் பாதி இருக்காது என்றாள்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குத் தையல் போடும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெட்டு எல்லாமே போர்வையின்மேல்தான் விழுந்தது, ஆனால் நூலோட்டம் சுத்தமாக இருந்த இடத்தில் போர்வை தானே வாங்கிக்கொண்டது, அம்பு ஒட்டிய இடத்தில் விழுந்த இரண்டு மட்டும்தான் உடம்புக்கு வந்தது. அதைச் சொன்னபோது ரெஜினா, “அப்ப ஒழுங்காத் தச்சுத் தொலைச்சிருக்கலாம்லக்கா” என்றாள். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. போர்வைக்கு எப்படி ரத்தம் வரும் என்று யாரும் கேட்கவில்லை, பிழைப்பைப் பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் கேட்க ஏது நேரம்.

கோர்ட்டில்தான் பெரிய இழுபறி ஆயிற்று. போலீஸ் போர்வையைச் சாட்சியப் பொருளாகக் கொண்டுபோய் மேஜைமேல் வைக்க, அது ஆறாமல் கசிந்து காகிதங்களையெல்லாம் பாழாக்க, காசிராஜனின் வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் வெட்டியது ஒரு போர்வையை, போர்வைக்கு உயிர் இருப்பதாக எந்தச் சட்டத்திலும் இல்லை, உடம்பில் இருப்பது இரண்டு காயம், அதற்கு மட்டும் தண்டனை கொடுங்கள் என்று வாதாடினார். ஏன் வெட்டினாய் என்று நீதிபதி கேட்டதற்கு, “பட்டப்பகல்ல பொம்பள அப்படி நிம்மதியாத் தூங்குனா ஆம்பளைக்கு எப்படிங்கய்யா இருக்கும்?” என்றான் காசிராஜன். முழு ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து தூங்கியவளைத்தான் சொல்கிறான். தப்பு இருந்த இடத்தில் விழுந்த இரண்டு வெட்டுதான் உடம்புக்கு வந்தது என்று தவமணி கூண்டில் நின்று ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில், போர்வையின்மேல் விழுந்தது போர்வைக்கே சேரும், அதைத் தாண்டி உடம்புக்கு வந்தது மட்டுமே குற்றம் என்று தீர்ப்பாகி, ஏழு வருஷம் கிடைத்தது. வேனில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்து, “அடுத்த தடவ தப்பு இருக்க இடம் பாத்து வெட்டுதேம்ட்டி” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அதனால் செய்வான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து தவமணிக்கு ஒரே வேலை. அவன் வெளியே வருவதற்குள் ஒரு தப்புகூட இல்லாத போர்வை ஒன்றைத் தைத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒன்று, பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கொடியில் பழையது முதல் புதியது வரை வரிசையாகத் தொங்கவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்து, ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்து, புதிதுக்கு அம்பு ஒட்டுவாள். நாங்களும் வேலையை முடித்துவிட்டு மேலே போய் நிற்போம், திருவிழா மாதிரி. இரண்டாவதில் அம்பு பாதியாகியிருந்தது. மூன்றாவதில் அதிலும் பாதி. நூலோட்டம் முதலில் நெல் அளவுக்கு இருந்தது, பிறகு அரிசி, பிறகு ரவை, அவள் கை வளர்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கோர்ட்டிலிருந்து முதல் போர்வை திரும்பி வந்தபோது தூசியிலும் எலி மூத்திரத்திலும் ஸ்டிக்கர் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது, வெட்டெல்லாம் கூடித் தழும்பாகியிருந்தது. அதற்கு மட்டும் அவள் மறுபடி அம்பு ஒட்டவில்லை. எல்லாம் மனசில் இருக்கிறது, அதற்கு எதற்கு ஸ்டிக்கர் என்றாள்.

ஒரு போர்வை தன் முறையை முடித்துவிட்டு மூலையில் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த லைன் சும்மா இருக்கும்? முதலில் ரெஜினா இரவல் கேட்டாள், அவள் புருஷன் சனிக்கிழமை சம்பளத்தில் குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டைக் கழற்றுகிறவன். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, பிறகு எதிர் வரிசை, பிறகு அடுத்த லைன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் போர்வை அலசினால் தண்ணீர் சிவந்து ஓடும், ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும்தான் சரி, வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரமாகிவிடும் என்று அனுபவஸ்தர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிழிந்த இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டால் சீக்கிரம் கூடுகிறது என்று கண்டுபிடித்தோம். அடி வாங்க வாங்கப் போர்வை கனத்துக்கொண்டே வந்தது, பழையதைக் கொடியில் போட ஒருத்தியால் ஆகாது, இரண்டு பேர் தூக்கவேண்டும். நாய்கள் வாசனை பிடித்து வந்து குழாயடியில் படுத்துக்கொண்டன. மயிலாத்தாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“இதென்ன கூத்து, என்ற லைனக் கறிக்கடை ஆக்கிப்போட்டீங்க” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். “அலசறதுன்னா கோடிச் சாக்கடைகிட்டப் போய் அலசுங்க. குடிதண்ணிகிட்ட ஆகாது, சொல்லிப்போட்டேன்.” கத்திவிட்டு அடுத்த வாரம் அவளே ஒரு போர்வையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். சொத்தை எழுதிக்கொடு என்று மாதம் ஒருமுறை அவள் மகன் வந்து கையை முறுக்குவது எங்களுக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை, வீட்டுக்காரிக்கும் மானம் இருக்கிறதல்லவா.

ஆண்களும் ஒருவிதமாகப் பழகிக்கொண்டார்கள். டாஸ்மாக்கில் உட்கார்ந்து, அடித்தால் அடித்த மாதிரியே இல்லை, தலையணையைக் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். ரெஜினாவின் புருஷன் ஒருநாள் கைவலி தாங்காமல் பெல்ட்டை வீசிவிட்டு மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தான், அவனுக்குக் கடவுள் நம்பிக்கை வந்தது அப்படித்தான். வார்டு கவுன்சிலர்கூட ஆள் அனுப்பி, தேர்தல் நேரம், எதிர்க்கட்சிக்காரன் கல்லெறிகிறான், ஒரு போர்வை கிடைக்குமா என்று கேட்டார். ஆம்பளைகளுக்கு இரவல் இல்லை என்று தவமணி சொல்லிவிட்டாள்.

அம்பைப் பற்றி எச்சரித்தது ரெஜினாதான். “அந்த ஸ்டிக்கரப் பிச்சுட்டுக் குடுக்கா. ஆம்பளைங்க கண்ணுக்கு எதுக்குக் காட்டணும்?”

“தப்பு இருக்க இடத்தக் காட்டாம குடுத்தா அது ஏமாத்து” என்றாள் தவமணி. “போர்த்துதவளுக்குத் தெரிய வேண்டாமா, எந்தப் பக்கம் திரும்பிக்கிடணும்னு? நான் செக்கிங்ல நிக்கவ. கண்ணால பாத்த தப்ப மூடி வச்சு எனக்குப் பழக்கம் இல்ல.”

நியாயமாகத்தான் பட்டது. செக்கிங் செய்கிறவள் புத்தி அப்படித்தான் போகும். துணியைப் பார்க்கிற எல்லோரும் அதைத் திருத்துவதற்காகத்தான் பார்க்கிறார்கள் என்று அவள் நம்பியிருந்தாள்.

நாலாவது போர்வையைச் செல்லக்கிளிதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எப்போது பார்த்தாலும் ஒரு மஞ்சள் நைட்டியைப் போட்டுக்கொண்டு எதற்கெடுத்தாலும் வாயைப் பொத்திச் சிரிப்பாள். நூலோட்டக் கற்றுக்கொடு என்று தவமணியின் பின்னாலேயே சுற்றுவாள், ஊசியில் நூல் கோர்க்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவள் புருஷன் வைரவன் கட்டிங் மாஸ்டர், நூறு மடிப்புத் துணியை அடுக்கி வைத்துக் கோடு பிசகாமல் வெட்டுகிறவன், அளவு பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மற்ற ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள், அவன் துணியைப் பார்த்தான். நாலாவது போர்வையில் விலாவுக்கு நேராக ஒரு அம்பு இருந்தது, அங்கே ஒரு தையல் விட்டிருந்தது, ஒரே ஒரு தையல், அரிசி அளவுதான் இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவன் கட்டிங் கத்திரிக்கோலை மூடிப் பிடித்து, அம்பு காட்டிய இடத்தில், அளவு பிசகாமல் இறக்கினான்.

போர்வையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எல்லாம் மஞ்சள் நைட்டியில் இருந்தது. நாங்கள் கதவை உடைத்துப் போனபோது அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அந்தக் கையை எடுத்துவிட்டதும் வாயிலிருந்தும் வந்தது.

தவமணி பிணவறை வாசலில் உட்கார்ந்து, “நான்தான் காட்டிக் குடுத்தேன், நான்தான் விரல நீட்டிக் காட்டிக் குடுத்தேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் குத்தியதற்கு நீ என்ன செய்வாய் என்று நாங்கள் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாப் போர்வையையும் கூட்டிப்போட்டு அம்பையெல்லாம் பிய்த்தாள், பசை விடாத இடத்தை நகத்தால் சுரண்டினாள், நகக்கண் கிழிந்து ரத்தம் வந்தது, அது அவளுடைய ரத்தம்தான். அதற்குப் பிறகு அவள் அம்பு ஒட்டவில்லை. யாராவது இரவல் கேட்டு வந்தால் கதவைச் சாத்திவிட்டு, போர்வையைப் போர்த்திவிட்டு, தப்பு இருக்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்தி, “இங்கன மட்டும் கவனம்” என்பாள். அவ்வளவுதான். செல்லக்கிளியின் மஞ்சள் நைட்டியை அவள் ஆத்தாவிடம் கேட்டு வாங்கி, பலமுறை அலசி, துண்டு போட்டு வைத்துக்கொண்டாள்.

ஏழாவது வருஷம் வந்தது. வைரவனும் காசிராஜனும் ஒரே ஜெயிலில் இருக்கிறார்கள், ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதம் என்று பார்க்கப் போய்வந்த யாரோ சொன்னார்கள். அப்படியானால் ஒவ்வொரு போர்வையிலும் அம்பு இருக்கும் என்று காசிராஜனுக்குத் தெரிந்திருக்கும். அம்பு ஒட்டுவதை நிறுத்தியது மட்டும் தெரியாது.

தவமணி அந்த வருஷம் யாரோடும் பேசவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் ஊசி, தூங்கி எழுந்தால் ஊசி, கண்ணுக்குக் கீழே கறுத்து, விரல் நுனியெல்லாம் சல்லடையாகி, நூலோட்டம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிந்துபோயிற்று. நெஞ்சுக்கு நேரே வரும் இடத்தில் செல்லக்கிளியின் மஞ்சள் துண்டை வைத்து, அதன்மேல் மட்டும் போகவும் வரவும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி ஓட்டி, விரலால் தட்டினால் பலகையைத் தட்டுகிற சத்தம் வருமாறு செய்திருந்தாள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல ஏழையும் கொடியில் போட்டோம். முதல் போர்வையைத் தூக்க அந்த வருஷம் மூன்று பேர் தேவைப்பட்டது.

அவள் ஏழாவதைத் தடவிக்கொண்டே வந்தாள். நாங்களும் அவள் விரலோடு கூடவே நகர்ந்தோம். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, முன்புறம் முழுக்கச் சுத்தம், ஓரம் சுத்தம், பின்புறம் திருப்பினாள், பாதிவரை சுத்தம், எங்களில் ஒருத்தி குலவையிட வாயைக் குவித்தேவிட்டாள். விரல் நின்றது. முதுகுக்கு நேரே, இடது தோளுக்குக் கீழே, ஒரு தையல் விட்டிருந்தது.

“பிரிச்சுத் தச்சுரலாம்க்கா” என்று ரெஜினா சொல்லி முடிப்பதற்குள், அவள் புருஷன் மாதா கோயிலிலிருந்து ஓடிவந்து, கோயில் முக்கில் காசிராஜனைப் பார்த்தேன், புதுச் சட்டை போட்டிருக்கிறான், கையில் பேப்பர் சுற்றிய ஒன்று இருக்கிறது, லைனைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருக்கிறான் என்று கீழிருந்தே கத்தினான்.

ஓடிவிடு என்றோம். மயிலாத்தா தன் வீட்டுக்குள் வந்து தாழ்போட்டுக்கொள்ளச் சொன்னாள். “எத்தன வருசத்துக்குக்கா தாழ் போட?” என்று கேட்டாள் தவமணி. கீழே இறங்கிப்போய், ஸ்டிக்கர் தாளை எடுத்துவந்தாள். அதிலிருந்து ஒரே ஒரு அம்பை உரித்தாள். தன் ஆயுளில் இல்லாத தப்புக்கு அம்பு ஒட்டாதவள், அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மஞ்சள் துண்டின்மேல், நெஞ்சுக்கு நேராக, ஒட்டி அழுத்தினாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, முதுகைத் தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டவைத்து நின்றாள்.

அவன் படியேறி வந்தான். உச்சி வெயில். கொடியில் தொங்கிய போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தான்.

“என்னட்டி, இத்தன நாளா இதத்தான் தச்சியா? நல்லாத்தான் இருக்கு” என்றான். “எங்க, பெரிய செக்கிங்காரி, அம்பு ஒட்டிருப்பியே.” கண்ணால் மேய்ந்தான். கண்டுபிடித்ததும் அவன் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். “நெஞ்சுக்கு நேராவா? ஏ, பொய் சொல்லத் தெரியாத கழுதைட்டி நீ” என்றான். குரலில் அன்புமாதிரி ஏதோ இருந்தது, அதுதான் பயங்கரமாக இருந்தது.

பேப்பரை உருவிப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அரிவாளை நீட்டிப் பிடித்துக் குத்தினான். அரிவாள் மஞ்சள் துண்டுக்குள் கைப்பிடிவரை போனது. தொட்டியில் மோதுகிற சத்தம் கேட்கவில்லை, எலும்பில் மோதுகிற சத்தமும் கேட்கவில்லை. ரத்தம் அவன் முகத்தில் பீய்ச்சியடித்தது, புதுச் சட்டையெல்லாம் நனைந்தது, அவன் சிரித்துக்கொண்டே உருவப் பார்த்தான், வரவில்லை. இழுத்தான். துணி இறுக்கியது. அரிவாளோடு கையும் மணிக்கட்டுவரை உள்ளே மாட்டிக்கொண்டது. தவமணி அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

யார் முதலில் அசைந்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கொடியிலிருந்து முதல் போர்வையை, மூன்று பேர் தூக்குகிறதை, எல்லோருமாகச் சேர்ந்து உருவி அவன் தலைவழியே போட்டோம், அதன் கனத்திலேயே அவன் முட்டிபோட்டு விழுந்தான், மணிக்கட்டு விடுபட்டது, அரிவாள் உள்ளேயே தங்கிவிட்டது. கொடிக்கயிற்றை அறுத்து அவனைச் சுற்றிக் கட்டினோம். கையில் கிடைத்ததை எடுத்தோம், கொடிக்கம்பு, விறகுக் கட்டை, சப்பாத்திக் கட்டை, ரெஜினா அந்தப் பழைய பெல்ட்டை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தாள். வருஷக்கணக்கில் வாங்கிய அடி எல்லாவற்றையும் நினைத்து நினைத்து அடித்தோம். போர்வையில் ரத்தம் கசிந்தது. ஆனால் உள்ளே அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அடிங்கட்டி, அடிங்க” என்றான் உள்ளேயிருந்து. “எம்மேலயா விழுது? போர்வையத்தான அடிக்கீங்க.”

உண்மைதான். எவ்வளவு மோசமாகத் தைத்திருந்தாலும் அது தவமணி தைத்தது, உள்ளே இருக்கிறவனைக் காப்பாற்றுவதுதான் அதற்குத் தெரியும், இவன் இன்னார் என்று அது பார்க்கவில்லை. எங்கள் கை ஓய்ந்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றோம், அவன் சிரிப்பு மட்டும் கேட்டது.

அப்போது தவமணி தொட்டியை விட்டு வந்தாள். ஏழாவது போர்வையை அரிவாளோடு கழற்றிக் கீழே வைத்தாள். முதல் போர்வையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தழும்புகளுக்கு நடுவே விரலால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“இங்கன” என்றாள்.

ரெஜினா அங்கே அடித்தாள். சிரிப்பு நின்றது.

“தையல் விட்டது, இங்கன. சுருக்கம், இங்கன. நூல் அறுந்தது, இங்கன.” கம்பெனியில் சூப்பர்வைசரிடம் ஒப்புவிக்கிற அதே குரல், ஏற்றமில்லை இறக்கமில்லை. அவள் விரல் வைத்த இடத்தில் கட்டை விழுந்தது, விரலை எடுக்கிற நேரம்தான் இடைவெளி. முதலில் அவன் கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு அவள் பெயரைச் சொன்னான். பிறகு ஆத்தா என்றான். இங்கன, இங்கன என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், வைரவனுக்கு ஒன்று, மயிலாத்தாவின் மகனுக்கு ஒன்று என்று நாங்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தோம், எங்கள் காலடியெல்லாம் வழுக்கியது. மயிலாத்தாதான், “போதும் புள்ள, போதும், உட்டுரு” என்று தவமணியின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா” என்றாள் தவமணி. அது எந்தத் தப்பு என்று எங்களுக்குத் தெரியும், அவள் தோளைப் பிளந்த அந்தத் தப்பு, இப்போது அவன் தலைக்கு நேராக இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்து, ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அழுதாள். விரலை எடுத்துவிடுவாள் என்றுகூட எங்களில் சிலர் நினைத்தோம்.

“இங்கன” என்றாள்.

போலீஸ் வந்தபோது மாடியை அலசி முடித்திருந்தோம், உப்புப் போட்டு, பச்சைத் தண்ணீரில். கயிற்றை அவிழ்த்து அவன் பிணத்தைத் தூக்கிப்போன பிறகு, இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி யார் அடித்தது என்று கேட்டார்.

“போர்வையத்தானுங்க அடிச்சோம்” என்றாள் மயிலாத்தா. “வருசா வருசம் பொங்கலுக்கு இப்படித்தானுங்க, கொடியில போட்டுத் தூசி தட்டுவோம். உள்ள ஆளு இருக்கறது எங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கூட வந்த ஸ்டேஷன் ரைட்டர் பழைய ஆள், இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்து அந்தத் தீர்ப்பைச் சொன்னார்: போர்வையின்மேல் விழுந்தது போர்வைக்கே சேரும். அதைத் தாண்டிப் போனதுதான் குற்றம். அப்படித் தாண்டிப் போக வேண்டுமென்றால் போர்வையில் தப்பு இருக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் அந்த முதல் போர்வையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு அம்பு இல்லை, தழும்பும் ரத்தமும் மஞ்சளும் சேர்ந்து, எது தையல் எது தழும்பு என்று ஒன்றும் தெரியவில்லை. இதில் எங்கே தப்பு என்று கேட்டார். இந்த லைனில் செக்கிங் தெரிந்தவர் யார் என்றும் கேட்டார்.

தவமணி முன்னால் வந்தாள். போர்வையைக் கையில் வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள். அவள் இப்போது என்ன சொல்வாளோ என்று அவள் வாயையே பார்த்தோம், ஏனென்றால் பார்த்த தப்பை அவள் மூடி வைத்ததே இல்லை.

“சுத்தமா இருக்குங்க சார்” என்றாள். “ஒரு தப்பும் இல்ல. பாஸ்.”

அவர்கள் போன பிறகு, அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழாவது போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அரிவாளைப் போர்வை தானே கக்கிவிட்டிருந்தது, அதைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தார்கள். மஞ்சள் துண்டில் ரத்தம் உறைந்திருந்தது, அதன்மேல் அம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் மெதுவாக, கிழியாமல், தோல் உரிகிற மாதிரி உரித்தாள். முதுகுப் பக்கம் திருப்பி, தையல் விட்டிருந்த இடத்தில் ஒட்டினாள். பிறகு மறுபடி முன்னால் திருப்பி, அந்த மஞ்சள் துண்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“உம்மேல ஒரு தப்பும் இல்ல கிளி” என்றாள். “சும்மா ஒட்டுனேன். மனசுல வச்சுக்காத.”